மாளவிகாவுக்குப் பனி

கொச்சியில் விமானம் இறங்கும்வரை மாளவிகா ஒரு பட்டியலைத் திருத்திக்கொண்டே வந்தாள். கைப்பேசியில் பதினாறு வரிகள். முதல் வரியில் மரவள்ளிக் கப்பையும் மத்தி மீன் குழம்பும். இரண்டாவதில் ஐலை மீன் வறுவல். மீன் அன்று காலை தோப்பும்படி துறைமுகத்தில் அப்பா வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பு. பிறகு பிரியாணி, பழம்பொரி, பரோட்டா, பள்ளிக்கூட வாசலில் விற்கும் உப்பு நெல்லிக்காய். டிசம்பர் பத்தொன்பதில் வருகை, ஜனவரி நான்கில் திரும்பும் விமானம். நடுவில் பதினாறு நாள். நாளுக்கு ஒன்று.

மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மா ஷைலஜா ஓடிவந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் புறங்கையை மகளின் நெற்றியில் வைத்தாள். அடுத்து கழுத்தில். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

"சூடில்லை," என்று கணவரிடம் சொன்னாள்.

"கார்ல ஏ.சி. போட்டிருந்தாங்க. கொறச்சு நேரம் கழிச்சுப் பாரு," என்றார் அப்பா ராஜப்பன்.

அரை மணி நேரத்தில் சாப்பாடு வந்தது. கிண்ணத்தில் பொடியரிக் கஞ்சி. நொய்யரிசியைக் குழையக் குழைய வேகவைத்து உப்பு மட்டும் போட்டது. ஓரத்தில் தணலில் சுட்ட அப்பளம் ஒன்று. குடிக்கச் சுக்குக் காப்பி.

"அம்மா, மீன்?"

"அது பின்னால பார்க்கலாம் மோளே. முதல்ல இது வயித்துல நிக்கட்டும்."

கேரளத்தில் பொடியரிக் கஞ்சி நோயாளிகளின் உணவு. ஆஸ்பத்திரி வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்பவரைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. நீண்ட பயணக் களைப்புக்காகத்தான் தனக்கும் தருகிறார்கள் என்று மாளவிகா நினைத்தாள். இரண்டாம் நாளும் கஞ்சி. மூன்றாம் நாள் கஞ்சியோடு ஒரு கரண்டி பாசிப்பயறு. ஷைலஜா அதை விருந்து போலப் பரிமாறினாள். பட்டியலில் ஒரு வரி கூட அடிபடவில்லை.

உட்கார்ந்தால் "கிட" என்றார்கள். எழுந்தால் "எங்க போற?" என்றார்கள். குளிக்கப் போனால் வெந்நீர் காத்திருந்தது. மாடியில் துணி காயப்போடப் போனவளை "வெயில் கொள்ளாதே" என்று பாதிப் படியிலிருந்து இறக்கினாள் அம்மா. ரெண்டேகால் வருடமாக ஜெர்மனியில் ட்ராமுக்கு ஓடி, வகுப்புக்கு ஓடி, பகுதிநேர வேலைக்கு ஓடிப் பழகிய கால்கள். கட்டிலில் கிடந்தபோதும் போர்வைக்குள் பாதங்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அதையும் ஷைலஜா பார்த்தாள். போர்வையை இழுத்து இறுக்கிச் செருகினாள்.

மாளவிகாவுக்கு வயது இருபத்து நான்கு. அவளுடைய கொள்ளுத் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்து நகரத் துப்புரவு வேலையில் சேர்ந்தார். அந்த வேலை இன்றும் வீட்டில் இருக்கிறது. ராஜப்பன் காலை ஆறு மணிக்குக் கார்ப்பரேஷன் சீருடையைப் போட்டுக்கொண்டு போய், மதியம் ஒன்றரைக்குத் திரும்புகிறார். ஷைலஜா யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாப் பண்டகசாலையில் சுக்கு பொறுக்குகிறாள். மலைபோலக் குவிந்த சுக்கிலிருந்து சொத்தையைத் தனியே எடுத்து எறிவது அவள் வேலை. பத்தொன்பது வருட அனுபவம். பேசிக்கொண்டே இருப்பாள், கண் குவியலில் இருக்காது, விரல்கள் மட்டும் கெட்ட துண்டைக் கண்டுபிடித்துவிடும்.

மகள் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் வீட்டுக்குள் மட்டும், எழுத வராது. மட்டாஞ்சேரியில் கோடை வந்தால் குடிநீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, தண்ணீர்ச் சுத்திகரிப்பு பற்றிப் படிக்க விரும்பினாள். உதவித்தொகை கிடைத்தது. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், செக் எல்லைக்கு அருகே ஒரு சிறு நகரம். அந்தத் தெருவிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் அவள். பிப்ரவரியில் கடைசிப் பரீட்சை. அதற்குத்தான் ஜனவரி நான்காம் தேதி திரும்பியாக வேண்டும்.

நான்காம் நாள் மதியம் ராஜப்பன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கலூர்ல ஒரு ஜோலி பேசி வச்சிருக்கேன். வெள்ளம் பரிசோதிக்கிற லேப். ஸ்டேடியத்துக்குப் பின்னால. பஸ் இறங்கி ரெண்டு நிமிஷம் நடந்தாப் போதும்."

"யாருக்குப்பா?"

"உனக்குத்தான். அஞ்சாம் தேதி திங்களாழ்ச்ச சேரணும்."

"நாலாம் தேதி எனக்கு ஃபிளைட்."

"அதை கேன்சல் பண்ணலாம்ல?"

மாளவிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"என்னப்பா விளையாடறீங்களா? படிப்பு முடியல. பிப்ரவரியில பரீட்சை இருக்கு."

"படிச்ச வரைக்கும் போதும். லேப்ல அதுவே ஜாஸ்தின்னு பறஞ்சாச்சு."

"யாராவது மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கீங்களா? நேரா சொல்லுங்க."

"சே, இந்த நிலைமையிலயா!" என்றாள் ஷைலஜா. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த நிலைமையில?"

ராஜப்பன் எழுந்து, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஃபேனை இன்னொரு முறை நிறுத்தினார். ஷைலஜா அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோடு வந்தாள்.

"குடி. நீயா சொல்லுவேன்னு நாலு நாளா பார்த்துட்டிருக்கோம். சொல்லலைன்னாலும் பரவாயில்லை. பெத்தவங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கே தெரியலையேம்மா, என்னத்தைச் சொல்ல?"

"சரி, சரி, ஒச்ச வைக்காதே. கத்தினா தொண்டைக்கு ஆகாது."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மாளவிகா செருப்பை மாட்டினாள். சந்து முனைக்குள் மூன்று பேர் அவளை நிறுத்தினார்கள். முதல் ஆள் வெறுமனே தலையை ஆட்டினார். இரண்டாவது ஆள் "சுகமல்லே?" என்றார். மூன்றாவது, பக்கத்து வீட்டு வீரலட்சுமி, கையில் இருந்த மீன் சட்டியையே தரையில் வைத்துவிட்டாள்.

"மோளே, நடக்கலாமா நீ? இப்போ எப்படி உண்டு?"

"சுகம்தான் சேச்சி."

"அப்படித்தான் பறயணும். தைரியத்தை விடக் கூடாது. நான் அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏத்தியிருக்கேன்."

"எனக்கா?"

"வேற யாருக்கு?"

மாளவிகா அதற்கு மேல் நிற்கவில்லை. வேகமாக நடந்தாள். முதுகில் பார்வைகள் ஒட்டிக்கொண்டே வந்தன. ஏதோ ஒன்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. யாராவது ஏதாவது புரளி கிளப்பிவிட்டார்களா? ஏதாவது படத்தைப் பார்த்தார்களா? ஜெர்மனியில் அறைத்தோழி சங்கரியோடு தங்கியிருப்பதைத் தப்பாக நினைத்தார்களா? ஜூ டவுனுக்குள் நுழைந்தபோது கூட்டம் முட்டியது. கிறிஸ்துமஸ் வாரம். பஸ் பஸ்ஸாக இறங்கிய சுற்றுலாக்காரர்கள் பித்தளை விளக்குகளையும் மரக்குதிரைகளையும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கையால் வழி செய்துகொண்டு போய்ப் பழம்பொருள் கடை ஒன்றின் முன் நின்றாள். அங்கேதான் பிந்து வேலை பார்க்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்துவரை ஒரே பெஞ்ச்.

பிந்து பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடிவருவாள் என்று எதிர்பார்த்தாள். பிந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எடீ, நீ எதுக்கு நடந்து வந்தே? ஒரு விளி விளிச்சா நான் வர மாட்டேனா? இரி. முதல்ல இரி."

"இரிக்க மாட்டேன். ஊருல எல்லாரும் என்னைப் பார்த்து ஏன் இப்படி முழிக்கிறாங்க? நீ சொல்லு."

"எங்கிட்ட ஒளிக்காதே மாளு. உங்கம்மா எல்லாம் பறஞ்சாச்சு."

"என்னத்தை?"

பிந்து சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உன் பனியைப் பத்தி."

மாளவிகாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கா? அங்க எனக்கு மட்டுமா பனி? ஊரு முழுக்கப் பனிதான்."

"ஊரு முழுக்கவா?"

"நவம்பர்ல ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும் விடாது."

பிந்து அரை அடி பின்னால் நகர்ந்தாள். "அப்ப அது பகர்ச்சப் பனியா? உங்கம்மா அதைப் பறயவே இல்லையே."

"சில நாள் இடுப்பு வரைக்கும் இருக்கும்டி."

"இடுப்பு வரைக்குமா? அதுக்கு மேல இருக்காதா?"

"மேலயும் வரும். வாசக் கதவையே திறக்க முடியாது. மம்மட்டி வச்சு அள்ளி ஓரமாப் போட்டாத்தான் வழி."

"எதை?"

"பனியை!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஒரு வெள்ளைக்காரர் கடிகாரம் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காததால் வைத்துவிட்டுப் போனார்.

"நீ... மஞ்ஞுவையா பறயறே?" என்றாள் பிந்து மெதுவாக.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், பகர்ச்சப் பனி என்றால் தொற்றுக் காய்ச்சல். மட்டாஞ்சேரித் தமிழர் வீடுகளிலும் அப்படித்தான். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பனி, பள்ளிக்கு விடுப்பு எழுதினால் பனி, ஆஸ்பத்திரியில் படுத்தால் பனி. வானத்திலிருந்து வெள்ளையாக விழும் பொருளுக்கு நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை. எங்காவது படத்தில் பார்த்தால் 'மஞ்ஞு' என்று மலையாளத்தில் சொல்லிவிடுவார்கள்.

மாளவிகாவும் அப்படிச் சொன்னவள்தான். ஜெர்மனியில் அறைத்தோழியாகச் சங்கரி வாய்த்தாள். மதுரைக்காரி. முதல் வாரமே மாளவிகாவின் தமிழைக் கேட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தவள். "என்னடி தமிழ் இது, பாதி வெந்த சோறு மாதிரி?" என்று கேட்டுக் கேட்டே திருத்தினாள். ஆறு மாதத்தில் மாளவிகாவின் வாயில் 'கொறச்சு' போய் 'கொஞ்சம்' வந்தது, 'ஜோலி' போய் 'வேலை' வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக விழுந்தது பனி ஆனது. மட்டாஞ்சேரிப் பெண் தமிழ்நாட்டுத் தமிழைக் கற்றது ஜெர்மனியில்.

வீட்டுக்கு அவள் அனுப்பியதெல்லாம் குரல் செய்திகள். எழுத்து எந்த லிபியில் என்ற சிக்கலே வேண்டாம் என்று. "அம்மா, இங்க பயங்கரப் பனி." "மூணு நாளா பனி, வேலைக்குப் போகல." "கூடிட்டே இருக்கும்மா, குறையற மாதிரி தெரியல." அதற்கெல்லாம் அம்மா அனுப்பிய பதில்கள் இரண்டு அர்த்தத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தின. வெளிய இறங்காதே. கம்பிளி போர்த்திக்கோ. சூடா ஏதாவது குடி. வெள்ளை வெளேரென்ற தெருக்களின் படங்களும் வீட்டுக்குப் போயின. அவை சந்தேகத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக உறுதிப்படுத்தின: இந்த மஞ்ஞுல நடந்தா பனி பிடிக்காம என்ன செய்யும்? ஊரிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒவ்வொருவர் பெட்டியிலும் ஷைலஜா சுக்குப் பொடி கொடுத்தனுப்பினாள். வேலை செய்யும் இடத்தில் சுலபமாகக் கிடைக்கிறது, அதனால் அனுப்புகிறாள் என்று மாளவிகா நினைத்துக்கொண்டாள்.

"உங்க மாமன் மாதிரி ஆயிடுமோன்னு உங்கம்மாவுக்குப் பேடி, ஒரே பயம்," என்றாள் பிந்து. ஷைலஜாவின் அண்ணன் இப்படி வந்து வந்து போன காய்ச்சலில்தான் இருபத்தாறு வயதில் இறந்தார். காசநோய் என்று கண்டுபிடித்தபோது நாள் கடந்துவிட்டது. அந்த நோயின் பெயரை வீட்டில் இன்றும் யாரும் உச்சரிப்பதில்லை. "உங்கிட்ட கேட்டா நீ பயந்துடுவேன்னு கேக்காம இருக்காங்க. திரும்ப அனுப்ப மாட்டேன்னு மாரியம்மன் நடையில சத்தியம் பண்ணிட்டாங்களாம்."

மாளவிகா ஓட ஆரம்பித்தாள். ஜூ டவுன் கூட்டத்துக்குள், ஆட்டோக்களுக்கு நடுவில், சந்துக்குள். வீரலட்சுமி "ஐயோ, மோளே ஓடாதே!" என்று அலறியது பின்னால் கேட்டது. ரெண்டேகால் வருடம் கழித்து முதல் முறையாக அவள் சொந்தத் தெருவில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். இவ்வளவுதானா? ஒரே ஒரு சொல்லா? இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது, நான்காம் தேதி விமானம் ஏறிவிடலாம்.

ராஜப்பன் வேலை முடிந்து வரும்வரை பொறுக்க முடியாமல் வீட்டுக்குள்ளும் வாசலுக்கும் நடந்தாள். ஒன்றரைக்கு அவர் வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். "இது. இதுதான் பனி. இதைத்தான் நான் பனின்னு சொன்னேன். எனக்கு ஒரு நோவும் இல்லை."

ராஜப்பனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. பிறகு அவர் சிரித்தார். சீருடைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து, கண்ணீர் வழிய, இருமல் வரும்வரை சிரித்தார். "இந்த மஞ்ஞுக்கா ஷைலே நீ பழனிக்கு மொட்டை நேர்ந்தே? அதுவும் எனக்கு!"

ஷைலஜா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். தன் கைப்பேசியைத் திறந்தாள். மகளின் குரல் செய்திகளில் 'பனி' வந்ததையெல்லாம் அவள் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள். முப்பத்தொன்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"டிசம்பர். சரி, மஞ்ஞு." அடுத்தது. "ஜனுவரி. மஞ்ஞு. இதுவும் ஜனுவரி." விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. "பிப்ரவரி. சரி. மார்ச், சரின்னு வை. நவம்பர்." அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ராஜப்பனின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

விரல் நின்றது.

"இது ஜூன்."

மாளவிகாவின் குரல் கைப்பேசியிலிருந்து வந்தது. மூச்சு வாங்கும் குரல். "அம்மா... பனிம்மா. கொறச்சு நாளாச்சு. ஒண்ணுமில்ல, மாறிடும்."

"ஜூன்ல அங்க ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயிலடிக்குதுன்னு நீதானே வீடியோ காமிச்சே? கையில்லாத சட்டை போட்டுக்கிட்டு ஆத்தங்கரையில நின்னு? எந்த ஊருலடி ஜூன்ல மஞ்ஞு?"

மாளவிகாவுக்கு அந்தச் செய்தியை அனுப்பியதே நினைவில்லை. அந்த ஒன்பது நாட்களில் பல விஷயங்கள் நினைவில்லை. காய்ச்சலில் சங்கரி கற்றுக்கொடுத்த தமிழெல்லாம் எங்கோ போய், வீட்டுச் சொல் தானாக வாயில் வந்திருக்கிறது.

"சொல்லு," என்றாள் ஷைலஜா.

சொன்னாள். நூற்று மூன்று, நூற்று நான்கு என்று ஏறிய காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிப் போனது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. டி.பி. இல்லை என்று அங்கே சோதித்துச் சொல்லிவிட்டார்கள், மாத்திரையில் சரியாகிவிட்டது. ஜூலைப் பரீட்சையைச் சரியாக எழுதவில்லை. நான்கு பருவத்தில் முடிய வேண்டிய படிப்பு ஐந்தாம் பருவத்துக்குப் போனது அதனால்தான். வீட்டில் அவள் சொல்லியிருந்தது வேறு: இந்தப் படிப்பே ஐந்து பருவம்தான் என்று.

ராஜப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்திருந்தார். ஷைலஜா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு யாரு வெள்ளம் எடுத்துத் தந்தது?"

"சங்கரி."

"அந்தப் பொண்ணை விளி."

அங்கே காலை பத்து மணி. சங்கரி பல் துலக்கும் பிரஷ்ஷோடு வீடியோவில் வந்தாள். "வணக்கம் ஆன்ட்டி! மாளு, கப்பையெல்லாம் ஒரு வழி பண்ணிட்டியா?"

"மோளே, ஜூன் மாசம் இவளுக்குப் பனி பிடிச்சப்போ வெள்ளம் எல்லாம் நீதான் பார்த்தியா?"

சங்கரி பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "ஜூன்ல இங்க பனி ஏது ஆன்ட்டி? வெள்ளமும் வரலையே. ஆறு கொஞ்சம் ஏறுச்சு, அவ்வளவுதான்."

"காய்ச்சலைக் கேக்கறாங்க சங்கரி," என்றாள் மாளவிகா. "தண்ணி கொடுத்தது யாருன்னு கேக்கறாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? அப்பாடா!" சங்கரி கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இவகிட்ட ஆறு மாசமா சண்டை போட்டுட்டு இருக்கேன், வீட்டுல சொல்லுடின்னு. நானா உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ரெண்டு நாள் நினைவே இல்லாம உளறினா. நான்தான் கஞ்சி வச்சுக் கொடுத்தேன். சுத்தமா பிடிக்கலை அவளுக்கு. மீன் வேணும்னு அழுதா."

"என்ன கஞ்சி?"

"குக்கர்ல வச்ச சோத்தை மிக்ஸியில அடிச்சேன் ஆன்ட்டி."

ஷைலஜாவின் முகம் கோணியது. அழுகையா, அந்தக் கஞ்சியை நினைத்தா, தெரியவில்லை. "நீ நல்லா இரி மோளே," என்றாள். சங்கரியின் எண்ணை வாங்கிப் பதிந்துகொண்டாள். தன் எண்ணைச் சொன்னாள். அவள் பதிந்துவிட்டாளா என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு துண்டித்தாள்.

வெளியே மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார்.

"பனி யாருக்கும் வரும்," என்றாள் ஷைலஜா. "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் மாறும். நான் அதுக்கா பேடிச்சேன்? எங்க அண்ணனும் ஒண்ணுமில்ல, மாறிடும்னுதான் பறஞ்சான். அதே வாக்கு. அதே வாக்கை உன் வாயில கேட்டப்புறம் நான் எப்படி உன்னை அனுப்புவேன்?"

"அம்மா, நான் உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னுதான்..."

"பயந்தாச்சே! ஜூன்லேர்ந்து ஒரு நாள் ஒழுங்கா உறங்கலை. நெசத்தைப் பறஞ்சிருந்தா ரெண்டு மாசத்துல தீர்ந்திருக்கும். நீ ஒண்ணுமில்லேன்ன, அதுதான் என்னைத் தின்னுச்சு." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "இனி பனி வந்தா பனின்னு பறயணும். காய்ச்சலோ, மண்ணாங்கட்டியோ, எந்த வாக்கு வேணாலும் பறஞ்சுக்கோ. ஆனா பறயணும். பறஞ்சா, போ. பறய மாட்டேன்னா இங்க கிட, கலூருக்குப் போ. அவ்வளவுதான்."

"அப்ப மாரியம்மன் சத்தியம்?" என்றார் ராஜப்பன்.

"சத்தியம் பண்ணது பனிக்கு. மஞ்ஞுக்கு இல்லை. அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அந்த லேப்காரரை விளிங்க."

"விளிச்சு என்னன்னு சொல்ல? கவுன்சிலர் வரைக்கும் போய் வாங்கின ஜோலி."

"பனின்னு சொல்லுங்க."

ராஜப்பனுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்த முறை அடக்கிக்கொண்டு கைப்பேசியோடு வாசலுக்குப் போனார். கேட்டில் நின்றிருந்த வீரலட்சுமிக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்ஞுக்கு மெழுகுதிரி ஏற்றிய கதையைத் தெருவுக்குள் அவிழ்த்துவிட்டால் அடுத்த ஓணம்வரை தலைகாட்ட முடியாது.

போகலாம் என்று ஆகிவிட்டது. நேற்றிலிருந்து இதற்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாளவிகாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதுவரை அவளைத் தடுத்துக்கொண்டிருந்தது அம்மா. தோற்றால் அம்மாமேல் பழி போட்டுவிடலாம். அம்மா விலகிக்கொண்ட பிறகு எதிரில் பரீட்சை மட்டும்தான் நின்றது. எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

ஷைலஜா அடுப்படியிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பாடம் பாக்கி?"

"ஒண்ணு."

ஷைலஜா பார்த்தபடியே நின்றாள். சுக்குக் குவியலிலிருந்து விரல் எடுக்காமல் நிற்பதுபோல.

"ரெண்டு," என்றாள் மாளவிகா. "அதுல ஒண்ணு மூணாவது தடவை. இதுலயும் போச்சுன்னா வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் அந்த நாட்டுல எந்தக் காலேஜ்லயும் அந்தப் படிப்பைப் படிக்க முடியாது."

"பரீட்சை எப்போ?"

"பிப்ரவரி ஒன்பது."

"இன்னிக்கு டிசம்பர் இருபத்தி மூணு." ஷைலஜா அடுப்பை அணைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "ஒன்றரை மாசத்துல மூணாவது தடவை பரீட்சையை வச்சுக்கிட்டு இங்க என்னடி செய்யறே? பிந்து கடை, சந்து, ஓட்டம், சிரிப்பு? இந்த டிக்கெட்டை முன்னால மாத்த முடியுமா?"

"அம்மா! நான் இன்னும் ஒண்ணுமே திங்கலை!"

"ராத்திரிக்குள்ள மீன் பொரிச்சுத் தரேன். முடியுமா முடியாதா, அதைப் பாரு."

மாளவிகா விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். முப்பதாம் தேதி ஒரு இருக்கை இருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அம்மா இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"முப்பதாம் தேதி இருக்கு," என்றாள்.